பச்சையிலேயே நின்றுபோன சிக்னல்

நந்தனம் சிக்னலில் நின்றே என் ஆயுளில் ஒரு பகுதி போயிருக்கிறது. சைதாப்பேட்டைப் பக்கமிருந்து வரும் கூட்டம் ஒரு புறம், சேமியர்ஸ் ரோட்டிலிருந்து வருவது இன்னொரு புறம், வெங்கட்நாராயணா ரோடு வழியாக தி.நகருக்குள் எப்படியாவது நுழைந்துவிடத் துடிப்பது மற்றொரு புறம். எல்லோரையும் தேவர் சிலை பார்த்துக்கொண்டிருக்கும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு காலை, அங்கே ஒரு திசையின் விளக்கு மட்டும் பச்சையிலேயே நின்றுவிட்டது. முதல் ஐந்து நிமிஷம் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். மற்றவர்கள் நுழைய வழியில்லை. கொஞ்ச நேரத்தில் அவர்களும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் ஓர் ஆம்புலன்ஸ். கடைசியில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் வந்து, ஓரத்திலிருந்த பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு எதையோ செய்தார். சிவப்பு விழுந்தது.

இந்தக் காட்சியை எங்கள் தெரு மளிகைக் கடையில் நின்றுகொண்டு குறைந்தது பத்து முறை சொல்லியிருப்பேன். ரத்தப் புற்றுநோயை விளக்குவதற்காக.

கடைக்காரர் அண்ணாச்சிக்கு 2007-ல் அது வந்தது. இடது வயிற்றில் பாரமாக இருக்கிறது, வாயுத் தொல்லை என்று ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரை யாரோ ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெள்ளை அணுக்கள் 11,000-க்குள் இருக்கவேண்டிய இடத்தில் 1,80,000. வயிற்றில் பாரம் வாயு இல்லை, வீங்கிப்போன மண்ணீரல். சி.எம்.எல். என்றார்கள். லுக்கேமியாவில் ஒரு வகை. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது 'பிளட் கேன்சர்' ஆகிவிட்டது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு கடைசியாகப் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். மகளுக்கு அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்கள்.

கட்டுரையை எழுதும் இன்றைக்கும் அண்ணாச்சி கடையில் உட்கார்ந்துதான் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறார். தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது அவருடைய கதையை அல்ல. ஒரு புத்தகத்தைப் பற்றி. ஆனால் அந்தப் புத்தகத்தை நான் அண்ணாச்சி இல்லாமல் படித்ததில்லை. அதனால் இரண்டும் கலந்துதான் வரும்.

சித்தார்த்த முகர்ஜி என்ற புற்றுநோய் டாக்டர் எழுதி 2010-ல் வந்த 'தி எம்பெரர் ஆஃப் ஆல் மேலடீஸ்'. மறு வருஷம் புலிட்சர் பரிசு வாங்கியது. டெல்லியில் பிறந்தவர், அமெரிக்காவில் வேலை. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடந்த ஒரு ஜனவரியில் வாங்கினேன். மறுநாள் கடையில் பையிலிருந்து எட்டிப் பார்த்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, தலகாணி மாதிரி இருக்கு?"

"கேன்சரைப் பத்தின புக்கு அண்ணாச்சி."

"தமிழ்ல இருக்கா?"

அடுத்த நாளே திரும்பப் போய்த் தேடினேன். மைதானம் முழுக்க அலைந்தேன். புற்றுநோய் பற்றித் தமிழில் புத்தகங்கள் இல்லாமல் இல்லை. எந்தக் கீரை, எந்தப் பழம், எந்த முத்திரை, எந்த மூலிகை என்று வரிசையாக இருந்தன. என்ன சாப்பிட்டால் போகும் என்று சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள். நோய் உள்ளே என்ன செய்கிறது என்று பொறுமையாகச் சொல்ல, நான் தேடிய அன்று ஒருவர்கூட அகப்படவில்லை. அதனால் முகர்ஜியை நானே வாய்மொழியாகத் தமிழாக்கம் செய்வதென்று முடிவாயிற்று. கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில், தவணை முறையில்.

(பி.காம். படித்தவன் மூலக்கூறு உயிரியல் சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். கேட்டவரும் எட்டாம் வகுப்பு. பொருத்தம் சரியாகத்தான் இருந்தது.)

முதல் சங்கடம் பெயரிலேயே வந்தது. 'ரத்தப் புற்றுநோய்' என்றேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். "கையில கால்ல கட்டி வந்தா புத்து வச்சிருக்குன்னு சொல்லலாம். ரத்தம் ஓடிக்கிட்டுல்லா இருக்கு? ஓடுற தண்ணியில எப்படித் தம்பி கரையான் புத்து கட்டும்?"

நியாயமான கேள்வி. கட்டி வளர்ந்து, வெடித்து, கிளைப்பதைப் பார்த்து நம் முன்னோர்கள் வைத்த பெயர் புற்று. மார்பில் வரும் நோய்க்கு அது கச்சிதம். ஆனால் லுக்கேமியாவில் கட்டி இல்லை. எலும்பு மஜ்ஜையில் உற்பத்தியாகும் அணுக்கள், நிறுத்தச் சொல்லி உத்தரவு வராததால், உற்பத்தியாகிக்கொண்டே இருக்கின்றன. அங்கேதான் நான் நந்தனம் சிக்னலை இழுத்து வந்தேன்.

உடம்பில் எந்தச் செல்லும் தன்னிஷ்டத்துக்கு இரண்டாகப் பிரிவதில்லை. வெளியிலிருந்து உத்தரவு வரவேண்டும். செல்லின் மேல்பரப்பில் ஆன்டெனா மாதிரி சில புரோட்டீன்கள் நீட்டிக்கொண்டிருக்கும். உத்தரவு வந்து அதில் ஒட்டியதும் உள்ளே இருக்கும் ஒரு புரோட்டீன் முடுக்கப்படும். அது அடுத்ததை முடுக்கும், அது அதற்கடுத்ததை. ஆபீஸில் ஃபைல் மேஜை மேஜையாக நகருகிற மாதிரி. கடைசியில் செய்தி உட்கருவுக்குப் போய், 'சரி, பிரியலாம்' என்றாகும். ஃபைல் ஒவ்வொரு மேஜையிலும் கையெழுத்தாக வேண்டுமே, இங்கே கையெழுத்து எது? பாஸ்பேட். ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரோட்டீன் மேல் ஒட்டினால் பெரும்பாலும் அது விழித்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் தூங்கிவிடும். இப்படி ஒட்டுகிற வேலையைச் செய்யும் புரோட்டீனுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒட்டுவதற்கான பாஸ்பேட்டை அது ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஏ.டி.பி. வந்து உட்கார அதன் உடம்பில் ஒரு குழி இருக்கிறது.

சி.எம்.எல்.-லில் நடப்பது இது. 9-ம் குரோமோசோமின் நுனி ஒடிந்து 22-ல் ஒட்டிக்கொள்கிறது, 22-ன் நுனி 9-க்குப் போய்விடுகிறது. 1960-ல் பிலடெல்ஃபியாவில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் குட்டையாகிப் போன 22-ஐப் பார்த்தார்கள். அது ஒடிந்து தொலைந்த துண்டல்ல, இடம் மாறிய துண்டு என்று 1973-ல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி. இந்த இடமாற்றத்தில் இரண்டு ஜீன்களின் பாதிகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டு பி.சி.ஆர்.-ஏ.பி.எல். என்ற புது ஜீன் உருவாகிறது. ஏ.பி.எல். என்பது ஒரு கைனேஸ். தனியாக இருக்கும்போது ஒழுங்கான பிள்ளை, சொன்னால்தான் வேலை செய்யும். ஒட்டுத்தையல் போட்டதில் அதை அணைக்கிற ஏற்பாடு செயலிழந்துபோகிறது. இனி ஓயாமல் கையெழுத்துதான். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் பச்சை.

சிக்னல் பெட்டிக்குள் கையை விட்ட போலீஸ்காரர் யார் என்பதுதான் முகர்ஜியின் கடைசிப் பகுதி. பேசல் நகரத்தில் சீபா-கைகி கம்பெனியில் அலெக்ஸ் மேட்டர், நிக் லைடன் என்ற இருவர், கைனேஸ்களின் ஏ.டி.பி. குழியை அடைக்கிற மருந்துகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பிரையன் டிரக்கர் என்ற டாக்டர், சி.எம்.எல். நோயாளிகளை வைத்துக்கொண்டு அந்தக் குழியை அடைக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறார். மருந்து கிடைக்கிறது. கம்பெனி சாண்டோஸோடு சேர்ந்து 1996-ல் நோவார்ட்டிஸ் ஆகிறது. இவ்வளவு குறைந்த நோயாளிகளுக்காக இவ்வளவு செலவா என்று தயங்குகிறது. டிரக்கர் விடாமல் நச்சரித்து 1998-ல் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை ஆரம்பிக்க வைக்கிறார். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்தக் கணக்கு ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி. கிளீவெக். மருந்தின் பொதுப் பெயர் இமாடினிப்.

இந்த இடத்தை முகர்ஜி எழுதியிருக்கும் விதம் பிரமாதம். நாவல் மாதிரி ஓடுகிறது. புத்தகத்துக்கு அவர் வைத்த தலைப்பில் நோய் ஒரு சக்கரவர்த்தி. உபதலைப்பில் அது 'வாழ்க்கை வரலாறு' எழுதத் தகுந்த ஓர் ஆசாமி. நானூறு பக்கம் அந்தச் சக்கரவர்த்தியின் அட்டகாசத்தைச் சொல்லிவிட்டு, இந்த அத்தியாயத்துக்கு வந்ததும் கிரீடம் கழன்று விழுகிறது. இங்கே நோய் ஆசாமி இல்லை. ஒரு குழி. அதில் சரியாக உட்காருகிற ஒரு பொருளைச் செய்துவிட்டார்கள். முகர்ஜியின் தலைப்பை முகர்ஜியே மறுக்கிற இடம் இது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

நம் சினிமாவில் சக்கரவர்த்திக்குக் கிரீடம் கழன்றதே இல்லை. 1982-ல் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்கள். இரண்டும் ஓடோ ஓடென்று ஓடின. பாட்டுக்களை இன்றும் முணுமுணுக்கிறோம், குறை சொல்லவில்லை. இரண்டிலும் கதாநாயகனுக்குப் புற்றுநோய். இரண்டு பேரும் செய்கிற முதல் காரியம் அதைக் காதலியிடம் மறைப்பது. தன்னை அவள் வெறுக்கும்படி நாடகமாடுவது. தியாகம் என்று தியேட்டரில் அழுதோம். அந்தக் காலத்தில் பெரும்பாலான ரத்தப் புற்றுக்களுக்கு நல்ல மருந்து இல்லை என்பது உண்மை, அதற்காக டைரக்டர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் குறை சொல்வது அந்த மறைத்தலை. சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கிய அண்ணாச்சி குடும்பம் எந்தப் பள்ளிக்கூடத்தில் அதைக் கற்றுக்கொண்டது? நோய் வந்தவனை உயிரோடிருக்கும்போதே படமாக்கி மாலை போட்டுவிடுகிற வித்தையை வெள்ளித்திரை நமக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இங்கே ஒரு கிளைக்கதை. முகர்ஜியின் புத்தகத்தில் ஆரம்பத்திலேயே நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ். அன்றைய சென்னை ராஜதானியின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் போட்டுக்கொண்டு போனதில் அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான பட்டத்தோடு வெளியே வந்தார். பிறகு பாஸ்டனுக்குக் கப்பலேறினார். பின்னாளில் அவர் தலைமையில் தயாரான அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் சிட்னி ஃபார்பர் லுக்கேமியா குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதுவரை ஒன்றுமே இல்லாத இடம் அது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் போய்விட்டார்.

என்னைத் தூக்கிவாரிப்போட்ட விஷயம் வேறு. பாஸ்டனில் அவர் சின்ன வேலைகளில் காலம் தள்ளிய காலத்தில், சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து உடம்பில் பாஸ்பரஸை அளக்க ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்த வேலையின் தொடர்ச்சியாக, ஜெர்மனியில் லோமான் கண்டுபிடித்த அதே காலத்தில், இவர்களும் தனியாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஏ.டி.பி.! கைனேஸின் குழியில் வந்து உட்காருகிற அதே ஆள். கிளீவெக் என்ன செய்கிறது? ஏ.டி.பி. உட்காரவேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. முகர்ஜியின் புத்தகத்தில் சுப்பாராவுக்கும் டிரக்கருக்கும் நடுவே சில நூறு பக்கங்கள். இந்த முடிச்சு நானாகப் போட்டுக்கொண்டது. ஆனால் போட்ட பிறகு அவிழ்க்க மனசில்லை.

சரி, கடைக்கு வருவோம். அமெரிக்காவில் அனுமதி கிடைத்த அதே மாதம் 'டைம்' பத்திரிகை அட்டையில் இந்த மாத்திரைகளைப் போட்டு, புற்றுநோய்க்கு எதிரான யுத்தத்தில் இவைதான் தோட்டாக்கள் என்ற பொருளில் தலைப்புக் கொடுத்தது. அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். ரசிப்பார் என்று நினைத்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"தோட்டான்னா ஒரு தடவ சுட்டா முடிஞ்சிரணும்லா? நான் தினம் முழுங்குதேன். விட்டா திரும்ப வந்துரும்னு டாக்டர் சொல்லுதாரு. இது தோட்டா இல்ல தம்பி. பூட்டு. ராத்திரி ராத்திரி பூட்டணும்."

ஒரு உலகப் புகழ்பெற்ற பத்திரிகையின் அட்டைப்பட உவமையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாராவது விமர்சித்திருப்பார்களா என்று தெரியாது. தோட்டா என்றால் எதிரி வெளியிலிருந்து வந்திருக்கவேண்டும். இங்கே எதிரி இல்லை. சொந்தச் செல், சொந்த ஜீன், பழுதான சுவிட்சு. சண்டை போடுகிறவர் தோற்றால் 'போராட்டத்தில் தோற்றார்' என்று அவர் மேலேயே பழியும் போட்டுவிடலாம். பூட்டுப் பழுதானால் யாரும் கடைக்காரரைத் திட்டுவதில்லை.

பூட்டும் பழுதாகும். 2001-லேயே சார்லஸ் சாயர்ஸ் குழுவினர் அதைக் காட்டிவிட்டார்கள். சிலருக்கு மருந்து வேலை செய்வது நின்றுபோகிறது. கைனேஸின் குழியில் 315-ம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிவிடுகிறது. குழியின் வடிவம் துளி மாறுகிறது, கிளீவெக் உட்கார முடியவில்லை. டாஸாடினிப் முதலிய அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் இந்த 315 மட்டும் மசியவில்லை. அதற்கென்றே பொனாடினிப் 2012-ல் வரவேண்டியிருந்தது. இதையும் முகர்ஜி மறைக்காமல் எழுதுகிறார், பாராட்டவேண்டும்.

அவர் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிட்டதாக எனக்குப் பட்டது, சி.எம்.எல். எவ்வளவு பெரிய விதிவிலக்கு என்பதை. ஒரே ஒரு சிக்னல் கெட்டு, அதனாலேயே முழு நோயும் வருவது அபூர்வம். திடீரென்று தாக்கும் மைலாய்டு வகையில் எஃப்.எல்.டி.3, ராஸ் என்று பல சிக்னல்கள் ஆளுக்கொரு விதமாகக் கெட்டிருக்கும். குழந்தைகளுக்கு வரும் 'டி-செல்' வகையில் பாதிக்கு மேல் நாட்ச்1 என்ற வேறொரு பாதை. நந்தனம் பெட்டியைச் சரிசெய்தால் தேனாம்பேட்டையில் கெட்டிருக்கும், அதைப் பிடித்தால் சைதாப்பேட்டையில். கிளீவெக் கதையைக் கேட்டுவிட்டு எல்லாப் புற்றுக்கும் ஒரு மாத்திரை தயாராகிறது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். குழந்தைகளின் லுக்கேமியாவில் உலகம் கண்ட பெரிய வெற்றி, சிக்னல் எதையும் அறியாத பழைய மருந்துகளைச் சரியாகக் கலந்து, சரியான வரிசையில், பாதியில் விடாமல் கொடுத்ததால் வந்தது. 1980-களின் நடுவில் மும்பை டாட்டா, டெல்லி எய்ம்ஸ், நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை மூன்றும் எம்.சி.பி.841 என்ற ஒரே முறையைக் கையாண்டன. டாக்டர் சாந்தா அம்மையார் 2021-ல் மறையும்வரை வாழ்ந்த வளாகத்தில் அந்தக் கதையை எழுத எத்தனையோ பேர் கிடைப்பார்கள். யாராவது எழுதுங்கள்.

இனி அண்ணாச்சியின் முக்கியமான கேள்வி. டிரக்கர் கதையை முழுக்கச் சொல்லி முடித்த அன்று, கல்லாப்பெட்டி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"மாத்திரை என்ன வெலைன்னு அதுல போட்டிருக்கா?"

திரும்பப் போய்ப் புரட்டினேன். மருந்தை உருவாக்க ஆகும் செலவைப் பற்றிக் கம்பெனி பட்ட கவலை விரிவாக இருக்கிறது. வாங்கிச் சாப்பிடுகிறவரின் செலவுக்கு அந்த விரிவு இல்லை. அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் தொடங்கி அமெரிக்க ஆஸ்பத்திரியில் முடிகிற கதை அது. வணிகவியல் மாணவனுக்கு உறுத்துகிற இடம். ஏனென்றால் இது ஒரு வினோதமான சரக்கு. வாடிக்கையாளர் சாகாததால் வருஷா வருஷம் வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடுகிறது. ஆளுக்கு ஆயுள் முழுக்கத் தினம் ஒன்று. சின்ன மார்க்கெட் என்று தயங்கிய கம்பெனிக்குக் கடைசியில் கிடைத்தது தீராத மார்க்கெட்.

முகர்ஜி விட்ட கதையின் இரண்டாம் பாதி நடந்தது சென்னையில். சில இடங்களுக்கு நந்தனம் சிக்னலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இமாடினிப் மெசிலேட்டின் 'பீட்டா' படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டது. அன்றைய சட்டத்தில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான். அந்த 1970-ம் வருஷச் சட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவரே. ராஜகோபால ஐயங்கார், 1959-ல் கொடுத்த அறிக்கை. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005-ல் சட்டம் மாறியது. கூடவே 3(டி) என்ற பிரிவு நுழைந்தது: தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமானால், பலன் அதிகம் என்று காட்டவேண்டும். இதற்கு நடுவில் 2003 நவம்பரில் கம்பெனிக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்து, 2004-ல் சில இந்தியக் கம்பெனிகளுக்குத் தடையும் வந்தது. கிளீவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000. நம் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இலவசமாகவே கொடுக்கிறோம் என்று நோவார்ட்டிஸ் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுக்கவும் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் இலவசத்தை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எட்டாயிரத்துக்கு ரசீது உண்டு. இது அண்ணாச்சி வாதம்.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவை நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2007 ஆகஸ்ட் 6-ம் தேதி நீதிபதிகள் ஆர்.பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் செல்லும் என்றார்கள். மருந்து விஷயத்தில் பலன் என்றால் நோயைக் குணப்படுத்துகிற பலன்தான் என்றும் விளக்கினார்கள். அண்ணாச்சிக்கு நோய் தெரிந்து சரியாக இரண்டு மாதம். அந்தச் செய்தி வந்த பேப்பரில்தான் அவர் யாருக்கோ மிளகு மடித்துக் கொடுத்திருப்பார். 2009 ஜூனில் தேனாம்பேட்டையில் இருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் மறுத்தது. (வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது.) கடைசியாக 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம்: பீட்டா வடிவம் உடம்பில் 30 சதவிகிதம் கூடுதலாகச் சேர்கிறது என்றால், அதனால் நோய் கூடுதலாகக் குணமாகிறது என்பதற்கு ஆதாரம் எங்கே? மனு தள்ளுபடி.

அந்தத் தீர்ப்பை நான் படித்தேன். நூறு பக்கத்துக்கு மேல். முகர்ஜியின் நடை அதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் முகர்ஜியின் புத்தகத்தில் மாத்திரை ஒரு அதிசயம். தீர்ப்பில் அது ஒரு சரக்கு. எப்போது கண்டுபிடித்தது, யார் முதலில் சொன்னது, புதுசு என்ன, பழசு என்ன என்று ஐயங்கார் அறிக்கையிலிருந்து ஆரம்பித்துக் கணக்குப் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை முழுசாகிறது. ஒரு திருத்தமும் சொல்லவேண்டும். தீர்ப்பு வேறு மாதிரி வந்திருந்தால் மறுநாளே அண்ணாச்சி மாத்திரை லட்சமாகியிருக்கும் என்று அப்போது பத்திரிகைகளில் (என் பத்தி உட்பட) எழுதினோம். அவ்வளவு சுலபமில்லை. 2005-க்கு முன்பே முதல் போட்டுத் தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனிகள் ராயல்டி கட்டித் தொடரச் சட்டத்தில் வழி இருந்தது. பயம் அடுத்தடுத்த மருந்துகளைப் பற்றியது. பீட்டாவுக்குக் கதவு திறந்தால் காமாவும் வரும்.

இதையெல்லாம் ஒரே புத்தகமாகத் தமிழில் யார் எழுதுவது? டாக்டர்கள் எழுதினால் வாசலிலேயே 'செல் சமிக்ஞைப் பாதை' என்று ஒரு சொல் வந்து வழிமறிக்கிறது. பாடப்புத்தகத் தமிழ். 'சிக்னல்' என்றால் 5-ம் நம்பர் பஸ் கண்டக்டருக்கும் புரியும். சொல் தமிழாக இருக்கவேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். அதைவிட, வயிற்று பாரத்துக்கு ஓமத் தண்ணீர் குடிக்கிறவருக்குப் புரியவேண்டும் என்பதில் அதிக ஆசை. எனக்கு ஒரு பேராசை உண்டு. பிரபா ஸ்ரீதேவன் ஓய்வுக்குப் பிறகு ஆர்.சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். சட்டமும் தமிழும் தெரிந்தவர், அந்த வழக்கில் உட்கார்ந்து கேட்டவர். அவர் இந்தக் கதையைத் தமிழில் எழுதினால் முதல் பிரதிக்கு நான் க்யூவில் நிற்பேன்.

அண்ணாச்சி சம்பந்தி வீட்டுக்கு விஷயம் ஆறு வருஷம் கழித்துத் தெரிந்தது. பேரன் பிறந்தபோது மகளே சொல்லிவிட்டாள். ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு சம்பந்தியே கடைக்கு வந்து, மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டாராம். மறைத்ததற்கான கோபம் மட்டும் இன்னும் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த ஒட்டுத்தையல் ஜீன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து ஒரு எண் வரும். பற்று வரவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். கணக்கு இறங்குமுகம்.

"அடுத்த ஜனவரி புத்தகக் காட்சிக்கு நீங்களும் வாங்க அண்ணாச்சி, ரெண்டு பேருமா தேடுவோம்" என்றேன்.

"பொங்கல் நேரத்துல கடைய யாரு பாக்கது?" என்றார்.